கிராஸ் மாற்றியும் உதறல் நிற்காதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாரி, பேருந்து, வேன் என எந்த வண்டியானாலும், ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரையும் சீட்டும் உதறத் தொடங்கினால் பட்டறையில் முதலில் காதில் விழுவது "கிராஸ் போயிருக்கும், மாத்திடலாம்" என்பதுதான். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் ஷாஃப்ட்; அதன் முனைகளில் மடங்கும் ஜாயின்ட்டுக்குள் இருக்கும் கூட்டல் குறி வடிவ இரும்புத் துண்டுதான் கிராஸ். மாற்றுகிறார்கள். உதறல் நிற்பதில்லை. அடுத்து, ஷாஃப்டின் நடுவைத் தாங்கும் சென்டர் பேரிங்கை மாற்றுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கியர்பாக்ஸை இறக்குவது வரை போகிறது. வண்டிக்காரருக்குப் பணமும் நாலைந்து நாள் ஓட்டமும் நஷ்டம். புதிதாகப் போட்ட கிராஸும் சில மாதங்களில் ஆட்டம் காண்கிறது.

பாகம் தேய்ந்து வரும் உதறல் ஒரு வகைதான். ஷாஃப்டைத் திருப்பி மாட்டியதால் வருவது, கோணம் மாறியதால் வருவது, எடைச் சமநிலை கெட்டதால் வருவது என இன்னும் உண்டு. இவையெல்லாம் புதுப் பாகம் போட்டால் தீராது. அளந்து பார்த்தால்தான் தீரும். அளக்காமல் கழற்றும் பழக்கத்தை நம் பட்டறைகள் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் உதறல் ஷாஃப்டில் இருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில், உதறல் வரும் வேகத்தில் வண்டியை ஓட்டி, அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறினால் இன்ஜின் சுற்று மாறும். ஷாஃப்டின் சுற்று மாறாது. கியர் மாற்றியும் உதறல் அப்படியே இருந்தால் கோளாறு ஷாஃப்டிலோ சக்கரத்திலோ இருக்கிறது. இன்ஜின் சுற்றோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் கிளட்ச், மவுண்டிங் ரப்பர் பக்கம் போக வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அதிகமாகவும், காலை எடுத்தால் குறைவாகவும் இருந்தால் ஷாஃப்டின் கோணத்தில் சந்தேகம் வைக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, வேகம் ஏற ஏறக் கடுமையானால் பேலன்ஸ் பிசகியிருக்கும்.

சக்கரமா ஷாஃப்டா என்று பிரிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். 10.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் உருளும். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். ஆக சக்கரம் நிமிடத்துக்கு 312 தடவை சுற்றும். பின் ஹவுசிங்கின் (பின் அச்சுப் பெட்டி) கிரவுன் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது, 6 என்றால் ஷாஃப்ட் 1,875 தடவை சுற்றும், அதாவது நொடிக்கு 31. அதிர்வை அளக்கும் செயலிகள் இப்போது செல்போனிலேயே கிடைக்கின்றன. போனைக் கேபின் தரையில் வைத்து 60 கி.மீ. வேகத்தில் பாருங்கள். நொடிக்கு 5 என்று காட்டினால் டயர், டிரம், ரிம் பக்கம் தேடுங்கள். 31 என்றால் ஷாஃப்டின் எடைச் சமநிலை கெட்டிருக்கிறது அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. 62 என்றால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கிறது என்று பொருள். அது கோணக் கோளாறு, இல்லாவிட்டால் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் ஒரே நேரில் இல்லாத கோளாறு. இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு சுற்றுக்கு இரண்டு உதை ஏன்? கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 3 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் கால் சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். 6 டிகிரியில் 1.1 சதவீதம். 10 டிகிரியில் 3 சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் உதை நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சரிக்கட்டத்தான் ஷாஃப்டின் பின்முனையில் இன்னொரு ஜாயின்ட் இருக்கிறது. முன் ஜாயின்ட் முந்தும் அளவுக்குப் பின் ஜாயின்ட் பிந்தும், இரண்டும் கழிந்துபோகும். ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். முன் கோணமும் பின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் முன்னும் பின்னும் உண்டாகும் உதைகள் முழுதாகக் கழியாமல் மிச்சம் நிற்கும்.

முதல் நிபந்தனை கெடுவது பெரும்பாலும் பட்டறையில்தான். ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய வசதியாக ஸ்பிளைன் (நீளவாட்டுப் பற்கள்) வெட்டிய வழுக்கு யோக் இருக்கிறது அல்லவா, அதை உருவி எடுத்துச் சுத்தம் செய்து திரும்பச் சொருகும்போது எந்தப் பல்லில் வேண்டுமானாலும் உள்ளே போகும். 16 பல் உள்ள ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளிச் சொருகினால் யோக் 22.5 டிகிரி திரும்பி நிற்கும். பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது. சாலையில் இறங்கியதும் தெரியும். கம்பெனியிலேயே இரு துண்டிலும் அம்புக்குறி அடித்திருப்பார்கள். சேறும் கிரீஸும் மூடியிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. கழற்றும் முன் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை பெயின்டால் ஐந்து இடத்தில் கோடு போட வேண்டும்: கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சுக்கும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஷாஃப்டுக்கும் குறுக்கே, ஒவ்வொரு கிராஸின் இரு யோக்கிலும், ஸ்பிளைனின் இரு பக்கத்திலும், சென்டர் பேரிங் பிராக்கெட் வண்டியின் சட்டத்தோடு (சேஸி) சேரும் இடத்தில், பின் ஹவுசிங்கில் ஷாஃப்ட் சேரும் பினியன் ஃபிளாஞ்சுக்குக் குறுக்கே. சாக்பீஸ் வேண்டாம், மண்ணெண்ணெய் பட்டதும் அழிந்துவிடும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் கழற்றப்படும் ஷாஃப்ட், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாக இருந்தாலும், உதறலோடு திரும்பி வரலாம்.

இரண்டாவது, கோணம். வண்டியைச் சமதளத்தில், அதன் சொந்தச் சக்கரங்களில் நிறுத்தி அளக்க வேண்டும். சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் பின் ஹவுசிங் தொங்கிப்போய் அளவு எல்லாமே பொய்யாகும். காந்தத்தில் ஒட்டும் டிஜிட்டல் கோணமானி நல்லது. செல்போன் நீர்மட்டத்தில் அரை டிகிரி வரை பிசகு வரும். கியர்பாக்ஸ் பின் ஃபிளாஞ்ச், ஷாஃப்டின் குழாய், பினியன் ஃபிளாஞ்ச் ஆகிய மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஞ்சின் முகத்தில் வைத்தால் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், குழாயில் வைத்தால் கிடைமட்டத்திலிருந்து. அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசம்தான் அந்த ஜாயின்ட் வேலை செய்யும் கோணம்.

உதாரணத்துக்கு, கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி சரிகிறது, ஷாஃப்ட் 6 டிகிரி சரிகிறது, பினியனும் கியர்பாக்ஸைப் போலவே 3 டிகிரி, மூக்கு மேல்நோக்கி நிற்கிறது. முன் ஜாயின்ட் 3, பின் ஜாயின்ட் 3. சரியாக இருக்கிறது. இப்போது அதிகப் பாரம் ஏற்றப் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்க்கிறார்கள். வண்டி உயர்ந்து ஷாஃப்ட் 7 டிகிரி ஆகிறது; பட்டையின் வளைவு மாறியதில் ஹவுசிங் சற்றுச் சுழன்று பினியன் 1 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. முன் ஜாயின்ட் 4, பின் ஜாயின்ட் 6. இந்த வண்டிக்கு எத்தனை கிராஸ் மாற்றினாலும் உதறும். மருந்து, பட்டைக்கும் ஹவுசிங் பெட்டுக்கும் நடுவே 2 டிகிரி ஆப்புத் தகடு வைப்பது. பட்டை ஹவுசிங்குக்கு மேலே இருக்கும் வண்டியில் பினியன் மூக்கைத் தூக்க வேண்டுமானால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். மாற்றி வைத்தால் 6 டிகிரி 8 ஆகிவிடும். இரும்பு ஆப்பு போடுங்கள், மரத்துண்டும் அலுமினியத் தகடும் நசுங்கி யூ போல்ட் தளர்ந்துவிடும். வலம், இடம் இரண்டு பக்கமும் ஒரே அளவு. சென்டர் போல்ட் நீளம் போதுமா என்று பார்த்து, 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும்.

முன், பின் கோண வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் 3 டிகிரி அளவிலோ அதற்குள்ளோ நின்றால் நல்லது. அதற்காகக் கோணமே இல்லாமல் பூஜ்ஜியம் ஆக்கிவிடவும் கூடாது. கிராஸின் கைகளை மூடும் கப்புக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் உருண்டால்தான் கிரீஸ் பரவும். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால், கிராஸின் கையில் ஊசிகள் கோடு கோடாகப் பள்ளம் பதித்துவிடும். அரை டிகிரியாவது வேண்டும். பாரத்தோடுதான் அதிகம் ஓடும் லாரி என்றால் பாரத்தோடு நிறுத்தி அளந்து முடிவெடுங்கள்.

இரண்டு துண்டு ஷாஃப்டில் முதல் துண்டு கியர்பாக்ஸோடு ஏறக்குறைய நேர்கோட்டில், அரை டிகிரியிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் நிற்க வேண்டும். இரண்டாம் துண்டின் இரு ஜாயின்ட்களும் தங்களுக்குள் சமமாக இருக்க வேண்டும். இங்கே பலர் தவறவிடும் ஒன்று, சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் தகடு. கழற்றும்போது கீழே விழும், குப்பையோடு போய்விடும். அது போனதும் பேரிங் மேலேறி இரண்டு துண்டுகளின் கோணமும் மாறும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 10, 20 கி.மீ. வேகத்தில் மட்டும் வண்டி நடுங்கி, பிறகு அடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தகட்டையும் சென்டர் பேரிங் ரப்பரையும்தான்.

கிராஸ் தேய்ந்திருப்பது உண்மையானால் மாற்றத்தான் வேண்டும். கப்பின் சீல் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி துருப்பிடித்துவிட்டது. ரிவர்ஸ் போட்டதும் "டங்" என்று அடித்தால் கிராஸ் அல்லது ஸ்பிளைனில் ஆட்டம். ஆனால் மாற்றும் விதத்தில்தான் பாதிப் பிழை நடக்கிறது. யோக்கைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து கப்பை இறக்குகிறார்கள். யோக்கின் காது விரிகிறது. வைஸில் வைத்து, சாக்கெட் கொடுத்து அழுத்தியே ஏற்ற வேண்டும். கப்பு கடைசி 2, 3 மி.மீ. இறங்க மறுத்தால் அடிக்காதீர்கள். ஒரு ஊசி சாய்ந்து அடியில் கிடக்கிறது என்று அர்த்தம். கழற்றிப் பார்த்து, ஊசிகளைக் கிரீஸில் நிறுத்தி வைத்து மறுபடி ஏற்றுங்கள். கப்பு வெளியே வராமல் பிடிக்கும் வளையங்களான சர்க்ளிப்புகள் எதிரெதிரே ஒரே தடிமனில் இருக்க வேண்டும்.

இந்தத் தடிமன் விஷயத்தைச் சிறு சமாச்சாரம் என்று தள்ளுபவர்களுக்காக ஒரு கணக்கு. 20 கிலோ ஷாஃப்டில் ஒவ்வொரு முனையும் 10 கிலோ தாங்குகிறது. ஒரு பக்கச் சர்க்ளிப் தடித்து, கிராஸ் 0.2 மி.மீ. மையம் விலகினால், அது குழாயின் மேல், மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி, 40 கிராம் எடையை ஒட்டவைத்ததற்குச் சமம். ஷாஃப்டுகளுக்கான ஜி-16 பேலன்ஸ் தரப்படி நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் இதே ஷாஃப்டுக்கு ஒரு முனையில் அனுமதி சுமார் 10 கிராம்தான். பேலன்ஸ் மெஷினில் ஏற்றி இறக்கிய ஷாஃப்டைக் கூட ஒரு தவறான சர்க்ளிப் நான்கு மடங்கு கெடுத்துவிடும்.

மாட்டியதும் ஜாயின்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு நான்கு பக்கமும் ஒரே சீராக மடங்க வேண்டும். ஒரு பக்கம் பிடித்தால் யோக்கின் காதில் பித்தளைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் கப்பு தன் இடத்தில் உட்காரும். பிறகு லித்தியம் கிரீஸை மெதுவாக அடித்து, நான்கு சீல்களிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை விட வேண்டும். மூன்றில் வந்து நான்காவதில் வராவிட்டால், ஷாஃப்டை அந்தப் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி அடியுங்கள். "மூணுல வந்துடுச்சு, போதும்" என்று விட்ட கிராஸில் அந்த நாலாவது கைதான் முதலில் போகும்.

பேலன்ஸுக்கு அனுப்பும் முன் ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்று டயல் கேஜில் (நுண்ணிய விலகலைக் காட்டும் கருவி) பார்க்க வேண்டும். வெல்டிங்குக்குப் பக்கத்தில் 0.25 மி.மீ., நடுவில் 0.4 மி.மீ. என்பது பொதுவாக ஏற்கும் எல்லை. வண்டிக்கான கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. வளைந்த குழாயில் எடை ஒட்டி பேலன்ஸ் செய்வது வீண். குழாயில் நசுங்கல் இருக்கிறதா, பழைய எடைத் தகடு பெயர்ந்து வெல்டிங் தடம் மட்டும் தெரிகிறதா, தாரும் சேறும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடிப்பாகத்துக்குத் துரு மருந்து அடிக்கும்போது ஷாஃப்டின் மேலும் அடித்துவிடுகிறார்கள். அது ஒரு பக்கமாக வழிந்து காய்ந்து எடையாகிவிடும். சாலையில் தானியத் தாள் காயப்போடும் காலத்தில் தாள் ஷாஃப்டில் சுற்றிக்கொள்வதும் நம் ஊரில் சகஜம். உதறலோடு போகாமல் பினியன் ஆயில் சீலையும் அறுக்கும், சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். அதை அன்றன்றே அறுத்து எடுத்துவிட வேண்டும்.

இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்கோடு முழுதாக மாட்டிய நிலையில் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். மெஷின் வசதி இல்லாத ஊரில், வேன், ஜீப் போன்ற சிறு வண்டிகளுக்கு ஒரு வழி உண்டு. ஷாஃப்டின் பின்முனையைச் சுற்றி நான்கு சம இடங்களில் 1, 2, 3, 4 என்று குறித்து, ஒரு ஹோஸ் கிளாம்பைத் திருகுத் தலை 1-இல் வரும்படி மாட்டி ஓட்டிப் பாருங்கள். பிறகு 2, 3, 4. உதறல் எங்கே குறைகிறதோ அதுதான் எடை வேண்டிய இடம். போதாவிட்டால் அதே இடத்தில் இரண்டாவது கிளாம்ப். கூடிப்போனால் இரண்டு தலைகளையும் இரு பக்கமும் சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். இதற்கு முன், ஷாஃப்டைப் பினியன் ஃபிளாஞ்சில் 180 டிகிரி திருப்பி மாட்டியும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஃபிளாஞ்சின் பிசகும் ஷாஃப்டின் பிசகும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் எடையே தேவைப்படாது.

லேத் பட்டறைகளில் ஷாஃப்டை வெட்டி நீளமாக்கும் வேலை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) கூட்டும்போது, குழாயை மட்டும் நீட்டி ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். குழாய் நீளமாக ஆக, அது தானாகவே கயிறு மாதிரி சுழன்று வில்லாக வளையத் தொடங்கும் வேகம் குறைந்துகொண்டே வரும், நீளத்தின் இருமடிக்கு எதிராக. 1.5 மீட்டர் குழாயை 1.8 மீட்டர் ஆக்கினால் அந்த ஆபத்து வேகம் 30 சதவீதம் கீழே இறங்கிவிடும். எந்த பேலன்ஸும் இதைக் காப்பாற்றாது. குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும், அல்லது இன்னொரு சென்டர் பேரிங் வைத்துத் துண்டைக் குட்டையாக்க வேண்டும். ஒட்டும்போது யோக்குகளை நேராக நிறுத்தி, எதிரெதிரே நான்கு புள்ளி வைத்து, டயல் கேஜில் பார்த்து, பிறகே முழு வெல்டிங். வண்டியிலேயே எடைத் தகடு ஒட்டினால் எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே குழாயில் மாட்டுங்கள். தூரத்தில் சட்டத்தில் மாட்டினால் மின்சாரம் கிராஸ் ஊசிகள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பொசுக்கிவிடும்.

முன்சக்கர இழுவைக் கார்களில் இந்தக் கிராஸ் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கார் குலுங்கினால் ஆக்ஸிலின் உள் ஜாயின்ட், திருப்பும்போது "டக் டக்" என்றால் வெளி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்த அன்றே மாற்றியிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

கீழே படுத்து வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஷாஃப்டைக் கழற்றிய வண்டியை கியர் பிடித்து நிறுத்தாது. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கே கியர்பாக்ஸின் பின்னால் இருக்கும். ஷாஃப்ட் போனதும் அதுவும் பயனில்லை. முதல் போல்ட்டைத் தொடும் முன்பே சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டிருக்கும்போது யாரும் அடியில் போகக் கூடாது. லுங்கியோ துண்டோ ஷாஃப்டில் சிக்கினால் ஆளை இழுத்துக்கொள்ளும். ஷாஃப்டின் அடியில் இருக்கும் பாதுகாப்பு வளையத்தைக் கழற்றினால், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். முன் ஜாயின்ட் விட்டுப்போனால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடாமல் தடுப்பது அந்த வளையம்தான்.

வண்டி உரிமையாளர்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஷாஃப்ட் வேலைக்கு வண்டியை விடும்போது, பெயின்ட் கோடு போட்ட பிறகே கழற்றச் சொல்லுங்கள். மூன்று கோணங்களையும் எழுதி வாங்குங்கள். பேலன்ஸ் செய்திருந்தால் எந்த முனையில் எத்தனை கிராம், எந்தச் சுற்றில் என்ற விவரத்தைச் சீட்டாகக் கேளுங்கள். கழற்றிய கிராஸையும் வாங்கி, அதன் நான்கு கைகளிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். கோடு கோடாகப் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றியது நியாயம். வழவழவென்று இருந்தால் உதறலுக்குக் காரணம் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கனரக வாகனப் பட்டறைத் தொழிலாளி,
நாமக்கல்.